பொறுமைக்கு மறுபெயர்

31 ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ‘எபிடமி’ என்ற சொல்லைப் பிள்ளைகள் ‘எபிடோம்’ என்றே வாசிப்பார்கள். கடைசி எழுத்தும் ஒலிக்க வேண்டும் என்று திருத்துவேன். அதன் வினைச்சொல் ‘எபிடமைஸ்’. ஒரு குணத்துக்கு ஒருவர் முழு உருவமாக நிற்பதைச் சொல்வது. ‘பொறுமைக்கு மறுபெயர்’ என்கிறோமே, அதுதான். கஞ்சத்தனத்துக்கும் சொல்லலாம். ‘டிபிஃபை’ இதற்குப் பக்கத்துச் சொல். ஆனால் அது பானைச் சோற்றில் பதம் பார்க்கும் பருக்கை. எதை எடுத்தாலும் சரி. எபிடமைஸுக்கு அந்த வகையிலேயே தலையாயது வேண்டும். ‘இஸ் எபிடமைசிங்’ என்று எழுதியவர்களுக்குச் சிவப்பு மைதான். அது ஒரு நிலையைச் சொல்லும் வினை. இந்த நேரத்தில் நடக்கிற செயலைச் சொல்வதல்ல.

சொல்லின் பிறப்பை மட்டும் நான் வகுப்பில் சொன்னதே இல்லை. கிரேக்கத்தில் ‘வெட்டு’ என்பதே அதன் வேர். வெட்ட முடியாதது என்று பொருள்படும் ‘ஆட்டம்’, அதாவது அணு, அதே வேரில் வந்ததுதான். ஆங்கிலத்திலும் இந்த வினை முதலில் பெரிய நூலை வெட்டிச் சுருக்குவதையே குறித்தது. ரோமின் வரலாற்றை லிவி என்ற பண்டைய வரலாற்றாசிரியர் 142 நூல்களாக எழுதினார். இன்று கையில் இருப்பவை 35. மற்றவற்றில் என்ன இருந்தது என்பதைப் பெரும்பாலும் பிறர் எழுதிய சுருக்கங்களைக் கொண்டுதான் அறிகிறோம்.

இதைப் படித்த அன்று எனக்கு அம்மா நினைவு வந்தது.

ஊரில் எல்லோரும் அவளைப் பொறுமைக்கு மறுபெயர் என்பார்கள். நாங்களும் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். 80 வயதுக்குமேல் ஒருநாள், வந்திருந்த உறவினர் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனபின், என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “எனக்கும் கோபம் வரும்டா. யாரு கேட்டீங்க?”

அப்போதும் நான் கேட்கவில்லை. சிரித்துவிட்டு எழுந்து போனேன். அடுத்த தையில் அவள் இல்லை. அவளுக்கு யார்மேல் கோபம், எதை விழுங்கிக்கொண்டாள், எதற்கு ஆசைப்பட்டாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. ‘பொறுமை’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. புகழ்ச்சிதான். ஆனால் அந்தப் புகழ்ச்சியைச் சொல்லிச் சொல்லியே அவள் வாயை அடைத்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெயர் வாங்கியவர் இருப்பார். இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.