மயில் சுருங்கின கதை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல மக்கா. ஆணி அதிகம். இன்னைக்கு எழுத வெச்சது ஒரு மயில்.

ஈரோட்டுல அம்மாவுக்கு வீட்டோட தையல் கடை. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினும் இருக்கு. ஃப்ரேம் மாட்டுறது, நூல் கோக்குறது அம்மா. டிசைன் ஃபைல் தயார் பண்றது ஐயா, அதாவது நான்.

லீவுல போனப்ப ஒரு அக்காவோட நிச்சயதார்த்த ஜாக்கெட் வந்துச்சு. சேலையோட வந்த மெலிசான பட்டு. முதுகுல மயில் வேணுமாம். தெச்சு முடிச்சு ஃப்ரேமக் கழட்டினா, மயிலச் சுத்தி துணி பொரிச்ச அப்பளம் மாதிரி கெடக்கு. அயர்ன் பண்ணியும் போகல.

"துணிய இழுத்து மாட்டியிருப்பம்மா"ன்னு உடனே தீர்ப்பு சொல்லிட்டேன். காரணம் தப்பில்ல. இழுத்து மாட்டின துணி, ஃப்ரேம விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும்; மேல இருக்கிற தையல் திரும்பாது. சுருக்கம் விழும்.

அம்மா வாதாடல. அதே மாதிரி வேஸ்ட் துணிய எடுத்து, இழுக்காம மாட்டினாங்க. அடியில பேப்பர் ரெண்டு. புது ஊசி. மேல்நூல் டென்ஷனையும் கொறச்சாங்க. மயில் மறுபடியும் சுருங்குச்சு.

"அந்தப் பழைய ரோஜாப்பூவ இதுலயே போடு கண்ணு."

போட்டேன். துணி பலகை மாதிரி நின்னுச்சு.

அப்பதான் உறைச்சது. 14 செ.மீ. மயில நாந்தான் 10 செ.மீ. ஆக்கினேன். அது டிஎஸ்டி ஃபைல். ஊசி எங்கெங்க குத்தணும்கிற கணக்குதான் அதுல இருக்கும், உருவம் இருக்காது. நான் சுருக்கினப்ப தையல் எண்ணிக்கை கொறையவே இல்ல. 0.4 மி.மீ. இருந்த நூல் இடைவெளி 0.29 ஆயிருச்சு. பாதிப் பரப்புல அதே எண்ணிக்கைத் தையல்! ஒவ்வொரு தையலும் துணியக் கொஞ்சம் உள்ள இழுக்கும். அவ்வளவும் சேர்ந்தா மெலிசுப் பட்டு என்ன பண்ணும் பாவம்?

ஒண்ணை மட்டும் மாத்தி, மத்ததெல்லாம் அப்படியே வெச்சுப் பாக்கிறதுக்கு ஆபீஸ்ல எனக்குச் சம்பளம் தர்றாங்க. அன்னைக்கு அதைச் செஞ்சது அம்மா.

10 செ.மீ.க்குப் புதுசா மயில் போட்டேன். இடைவெளி 0.4, கீழ லேசா அடித்தையல், கிழிக்கிற பேப்பருக்குப் பதிலா வெட்டி எடுக்கிற பேப்பர். அது தையலுக்கு அடியிலயே தங்கித் தாங்கும். சுருக்கமே இல்ல.

ஆனா பழைய துணி போனது போனதுதான். அம்மா கடை கடையா ஏறி அதே கலர் தேடி, சொந்தக் காசுல வாங்கினாங்க. அந்த அக்கா வந்தப்ப, "என் கையில தப்பாயிருச்சுங்க"ன்னு சொன்னது உள் ரூம்ல இருந்த எனக்குக் கேட்டுச்சு.

வெளிய வந்து 'நாந்தான்'னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அதான் இங்க சொல்றேன்.

பி.கு.: மெலிசுத் துணியில போடுறவங்க, முதல்ல வேஸ்ட் துணியில ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அம்மா மேல பழி போடறது அப்புறம் :-)