சைலன்சர் மாற்றியது

டோல்கேட்டில் ஒரு பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தி 'சைலன்சர் மாத்தணும்' என்று சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஐம்பது வயசுக்காரர் சொன்னால் சப்தம் குறைய வேண்டும். இருபத்திரண்டு வயசுக்காரன் சொன்னால் சப்தம் கூட வேண்டும். பட்டறைக்காரர் ஆளைப் பார்த்தே எதுவென்று தெரிந்துகொள்கிறார், கேள்வி கேட்பதில்லை. மௌனத்தின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற ஒரு சாமான் சப்தத்துக்காக விலைக்கு வாங்கப்படுவதில் இங்கே யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை. சுங்கம் வசூலிக்காத டோல்கேட்டில் இதெல்லாம் சகஜம்தான்.

என் அண்ணன் மகன் இரண்டாவது ரகம். அவனிடம் இருப்பது மூன்றாவது கைக்கு வந்த 2008 மாடல் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி., 37 குதிரைத்திறன். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்ததிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை இந்த வண்டியின் மைலேஜைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அதன் சப்தத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. தையல் மிஷின் மாதிரி ஒன்று. அவனுக்கு அதுதான் குறை.

குறை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. புல்லட் செய்த ஊர் இது. 1955ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து அந்த ஒற்றை சிலிண்டர் வண்டிகள் வந்தன. நின்றுகொண்டிருக்கும் பழைய புல்லட்டின் சப்தத்தை விரல் விட்டு எண்ணலாம். நிமிஷத்துக்கு 900 சுற்று என்றால் விநாடிக்கு ஏழரை வெடிப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் காது மூச்சு விட இடம் இருக்கிறது. லாங் பாட்டில், ஷார்ட் பாட்டில், பஞ்சாபி என்று சைலன்சர்களுக்கு ராகங்களைப் போலப் பெயர் வைத்துப் பேசுகிற தெருவில் வளர்ந்தவன், தையல் மிஷினில் போவதை அவமானமாக நினைத்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மெட்ரோ ரயில் டோல்கேட்டுக்கு மேலே ஓட ஆரம்பித்தது 2021 பிப்ரவரியில். அதற்குச் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'சித்தப்பா, நீயும் வா' என்று கூட்டிக்கொண்டு போனான். பணம் குறைந்தால் நான் இருப்பேன் என்பது காரணமாயிருக்கலாம்.

பட்டறைக்கார பாய் முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினார். வெல்டிங் மின்சாரம் வண்டியின் கம்ப்யூட்டருக்குள் போனால் வைத்த சைலன்சரை விட அதற்குச் செலவு அதிகம். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் போனார். கடல் காற்று படுகிற ஊரில் அடிப்பக்கத்து போல்ட் ஒன்றும் சாவிக்கு அசையாது. கேஸ் விளக்கை வைத்து நட்டைச் சிவக்கச் சூடாக்கி, ஒரு தட்டுத் தட்டி, அது முனகிக்கொண்டு திரும்பியது. கடைசிப் பெட்டி கையோடு வந்தது. ஓரம் முழுக்கத் துருவாகி, பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்தது.

பெட்டியை நான் அறுத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே சின்னச் சின்ன அறைகள், குறுக்கே தகடுகள், துளைபோட்ட குழாய்கள். புகை ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி, அலை அலையோடு மோதித் தன்னைத் தானே தின்றுவிடுகிறது. புதிதாக மாட்டியதில் இந்த வேலை ஒன்றும் இல்லை. நேரான ஒரு குழாய், உடம்பெல்லாம் துளை. அதைச் சுற்றி கண்ணாடிப் பஞ்சு. அதன்மேல் பளபளப்பான உறை. கண்ணாடிப் பஞ்சு உயர்ந்த சுருதிகளைக் குடித்துவிடும். தாழ்ந்த சுருதி அதை லட்சியம் பண்ணாமல் வெளியே வந்துவிடும். மாருதியின் மூன்று சிலிண்டரும் நிமிஷத்துக்கு 3000 சுற்றில் விநாடிக்கு 75 வெடிப்பு கொடுக்கும். வெளியே வருவது அதுதான்.

சக்தி கூடுமா என்று கேட்டேன். பாய் சிரித்தார். 'முப்பத்தேழுல என்னா சார் கூடும்? பையன் மனசு கூடும்.' இதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் சமீபத்தில் படித்ததில்லை.

தகராறு ஒரே இடத்தில்தான். முன்பக்கத்தில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் எடுத்துவிட்டால் சப்தம் இன்னும் திறக்கும், பழைய சாமானுக்கு நல்ல விலையும் கிடைக்கும் என்று பட்டறையில் நின்றிருந்த ஒருவர் யோசனை சொன்னார். தேன்கூடு போன்ற பீங்கானில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசியிருப்பதால் அந்த விலை. கார்பன் மோனாக்ஸைடை எரித்து முடிக்கிற வேலை அதனுடையது. ஈயம் பட்டால் அது செத்துவிடும் என்பதால்தான் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நாலு பெருநகரங்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. நாடு முழுக்க வர 2000 ஆயிற்று. மணலி, எண்ணூர் காற்றைச் சுவாசிக்கிறவன் அதைக் கழற்றி விற்கிறேன் என்றால் என்ன சொல்வது? அது இருக்கட்டும், இல்லாவிட்டால் என்னிடம் பணம் கேட்காதே என்றேன். இருந்தது. பின்வாயை ஈரத் துணியால் அடைத்து, இணைப்புகளில் எங்காவது சீறுகிறதா என்று பாய் காது வைத்துக் கேட்டார். சீறவில்லை.

இதுவரை சாதாரண விஷயம். அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அண்ணன் முப்பத்தொரு வருஷம் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் சம்மட்டி மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். பழுத்த இரும்பின்மேல் சம்மட்டி விழும். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லை என்று தொழிற்சாலை விதி. சம்மட்டிக்கு விதி தெரியாது. பஞ்சு வைத்துக்கொள்வார்கள், வியர்வையில் விழுந்துவிடும். இந்த மாதிரிச் செவிடு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். காலிங் பெல் போகும், பிறகு ச, த, ப, க எல்லாம் ஒவ்வொன்றாக மங்கும். கடைசியில் மிச்சமிருப்பது தாழ்ந்த சுருதி. அண்ணனிடம் பேசினால் உயிரெழுத்து போய்ச் சேருகிறது, மெய்யெழுத்து வழியில் விழுந்துவிடுகிறது. 'சோறு' என்பதும் 'மோரு' என்பதும் அவருக்கு ஒன்றே. தமிழ் இலக்கணக்காரர்கள் உயிர், மெய் என்று பெயர் வைத்தபோது இப்படி ஒரு வியாதியை நினைத்திருக்கமாட்டார்கள்.

புதுச் சைலன்சரோடு வண்டி தெருவுக்குள் திரும்பியபோது அண்ணன் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாராம். தலையைத் திருப்பாமலே 'தம்பி வந்துட்டான்' என்றாராம். அண்ணி என்னிடம் இதை மூன்று தடவை சொன்னார். வருவது யார் என்று அந்த மனிதர் முதலில் சொல்லிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. கண்ணாடிப் பஞ்சு குடித்துவிட்ட சுருதிகள் அவர் ஏற்கனவே இழந்தவை. பஞ்சு விட்டுவைத்தது அவருக்கு மிஞ்சியது. யாரும் திட்டமிடவில்லை. கடைக்காரன் விற்ற அளவு பொருந்திவிட்டது.

சைலன்சரின் சரித்திரத்திலும் இப்படி ஒரு அப்பா மகன் உண்டு. 1884ல் மெஷின் கன் செய்த ஹைரம் மாக்ஸிம் தன் துப்பாக்கிகளின் சப்தத்திலேயே காது போனவர். அவர் மகன் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் துப்பாக்கிக்கு மௌனக்குழாய் கண்டுபிடித்து 1909ல் காப்புரிமை வாங்கினார். கார் இஞ்சின்களோடு மல்லுக்கட்டியவரும் அவர்தான். அப்பாவின் காதை மகன் திருப்பித் தரவில்லை, முடியாது. அந்தக் காலத்திலேயே, 1913ல், இத்தாலிய எதிர்காலவாதி ருஸ்ஸோலோ தொழிற்சாலை இரைச்சலும் மோட்டார் இரைச்சலும்தான் இனி சங்கீதம் என்று பிரகடனம் எழுதினார். நம் நண்பர்கள் சிலர் இன்னும் அதை மரியாதையோடு குறிப்பிடுகிறார்கள். சம்மட்டி மிஷின் பக்கத்தில் ஒரு ஷிப்டு நின்றுவிட்டு எழுதியிருந்தால் இரண்டாவது பாரா எப்படியிருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

சட்டம் பையன் பக்கம் இல்லை. 1989ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120வது விதி சைலன்சரைப் பற்றியது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ன் கீழ், 2019 திருத்தத்துக்குப் பிறகு, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில். சரி, இருக்கட்டும். இரைச்சலால் வரும் காதுகேளாமை தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 1923ம் வருஷ நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இருந்தது. அண்ணன் விஷயத்தில் யாரும் யாருக்கும் அபராதம் போடவில்லை. கேட்கவும் அவர் போகவில்லை. கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் இதே காது என்பதால் அது ஒரு நோய் என்றே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ரோட்டில் கேட்கிற சப்தத்துக்கு ரசீது உண்டு, மதில் சுவருக்குள் கேட்ட சப்தத்துக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை எழுதாமல் பையனை மட்டும் கண்டிக்க என்னால் முடியவில்லை.

ஆனால் பையனுக்கு வக்கீலாகவும் நான் இல்லை. பக்கத்து வீட்டில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் இருக்கிறார். எதிர் வீட்டில் கைக்குழந்தை. கண்டெய்னர் லாரி வரிசை ஹைரோட்டில் உறுமுவது தெருவுக்குள் வரும்போது கம்பளி போர்த்தியதுபோல் வரும், அதில் குழந்தை தூங்கப் பழகிவிட்டது. இது ஜன்னலுக்கு வெளியே வருகிறது. அந்தத் தாயார் சண்டை போட வரவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அண்ணன் என்னவென்று கேட்டார். அவள் சொன்னது எதுவும் அவருக்குப் புரியவில்லை.

மறுபடி பாயிடம் போனோம். வழியில் ஒரு சின்னப் பெட்டி வைத்து வெல்டு செய்து கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது. யாருக்கும் திருப்தியில்லை, யாரும் வெளியே சொல்வதுமில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்தால் பையன் தெருமுனையிலேயே இஞ்சினை நிறுத்திவிடுகிறான். 650 கிலோ வண்டி. சிநேகிதன் யாராவது இருந்தால் தள்ளிக்கொண்டு வருகிறான், இல்லாவிட்டால் அங்கேயே பூட்டிவிட்டு நடந்து வருகிறான். அப்போதெல்லாம் அண்ணி அண்ணனின் தோளைத் தொட்டு, வந்துவிட்டான் என்று ஜாடை காட்டுகிறார்.