கைகள் காத்த வண்டி

நுழையும்முன்

பழைய பொருள்களை நாம் இரு வகையில் போற்றுகிறோம். சிலவற்றைப் பேழைக்குள் வைத்துக் காண்கிறோம். சிலவற்றை நாள்தோறும் கையாண்டு காக்கிறோம். இவற்றுள் எது உண்மையான பாதுகாப்பு? பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றையும் அதனோடு வாழும் முதியவர் ஒருவரையும் முன்னிறுத்தி இவ்வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை.

கோட்டை அடிவாரம்

பெரம்பலூரிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 17 கி.மீ. கடந்தால் ரஞ்சன்குடிக் கோட்டை தென்படும். 17ஆம் நூற்றாண்டில் கருநாடக நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகீர்தார் ஒருவரால் எழுப்பப்பட்டது அது. அகழியும் அரைவட்டக் கொத்தளங்களும் ஒன்றினும் ஒன்று உயர்ந்து நிற்கும் மூன்று நிலை மதில்களும் அதன் அடையாளங்கள். 1751இல் முகமது அலியும் ஆங்கிலேயரும் ஓர் அணியாகவும், சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் மற்றோர் அணியாகவும் மோதிய வாலிகண்டபுரப் போரோடு தொடர்புடைய கோட்டை இது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அமைதியாக நிற்கிறது.

இக்கோட்டை கண்ணுக்கெட்டும் தொலைவில் ஓர் ஓட்டுவீடு. விடிந்தும் விடியாத பொழுதில் அவ்வீட்டு வாசலிலிருந்து ஓர் ஒலி எழும். விட்டுவிட்டு, நிறுத்தி நிதானமாக, யாரோ தொலைவில் உலக்கை இடிப்பதுபோல் கேட்கும். ஊரார் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. "பெரியவர் காட்டுக்குக் கிளம்பிவிட்டார்" என்று தத்தம் வேலையைத் தொடங்குவர்.

அவருக்கு வயது எழுபது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஏக்கர் கரிசல் நிலத்தில் மழையை நம்பி ஓராண்டு மக்காச்சோளமும் மறு ஆண்டு பருத்தியும் விதைப்பார். வெயில் ஏறுமுன் வயல்வேலை. பகலில் சிறு உறக்கம். மாலையில் வாசல் வேப்பமரத்தடியில் வண்டிவேலை. அக்கம்பக்கத்தாரின் நீரேற்று மோட்டார், மருந்து தெளிப்பான் எது பழுதானாலும் அம்மரத்தடிக்கே வந்து சேரும். இவை அனைத்துக்கும் நடுவே, எல்லாவற்றினும் மூத்த உறவுபோல் நிற்பது அவருடைய புல்லட்.

தாய்வீடும் புகுந்த வீடும்

அவ்வண்டி 1972ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்தான். ஆதலால் வண்டியின் பதிவுச் சான்றில் திருச்சிராப்பள்ளி மாவட்டமே இடம்பெற்றிருக்கிறது. பருத்தி வணிகர் ஒருவர் ஓட்டி முடித்து ஒதுக்கிய வண்டியைப் பெரியவர் தம் இளமையில் விலைக்கு வாங்கினார்.

வண்டியின் வரலாறு அவருக்கு மனப்பாடம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் 1901இல் முதல் மோட்டார் சைக்கிளை உருவாக்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 1932இல் 'புல்லட்' என்னும் பெயரை ஒரு வண்டிக்குச் சூட்டியது. விடுதலை பெற்ற இந்தியாவின் படைவீரர்களுக்கு எல்லைப்புறச் சாலைகளைத் தாங்கும் வண்டி தேவைப்பட்டது. அத்தேவையை ஒட்டி 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது; திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டிய கைகள், பின்னர் அவ்வுறுப்புகளையே வார்க்கவும் கடையவும் கற்றுக்கொண்டன. எரிபொருள் தொட்டியின் மேலுள்ள பொன்னிறக் கோடுகளைத் தூரிகையால் கையாலேயே இழுக்கும் கலைஞர்களும் உருவாயினர்.

பின்னர் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. 1970ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்து நிறுவனம் நலிந்து மறைந்தது. திருவொற்றியூர் ஆலையோ ஓயவில்லை. 1977இல் சென்னையில் உருவான புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குச் சென்றன. "தாய்வீடு இடிந்துபோயிற்று, புகுந்த வீட்டில் அந்தக் கைப்பக்குவம் பிழைத்துக்கொண்டது" என்பார் பெரியவர். வரைபடமும் இயந்திரமும் மட்டும் வந்திருந்தால் இது நடந்திராது. வேலையறிந்த கைகள் இங்கு உருவானதே காரணம் என்பது அவர் கருத்து.

தெரியுமா?

பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் வீச்சு 90 மி.மீ. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் கொள்ளளவு ஏறத்தாழ 346 கன செ.மீ. என வரும். நான்கு வீச்சு எந்திரத்தில் இரு சுழற்சிக்கு ஒருமுறையே எரிபொருள் எரிகிறது. எனவே நிமிடத்திற்கு 1000 முறை சுழலும்போது 500 முறைதான் ஒலி எழும். விட்டத்தைவிட வீச்சு நீண்டிருப்பதும், கனத்த சுழற்சக்கரம் அமைந்திருப்பதும் குறைந்த வேகத்திலும் எந்திரம் தடுமாறாமல் இயங்க உதவுகின்றன. அந்த நிதானமான தாளத்தின் காரணம் இதுவே.

பிரித்தறிதல்

மாலைநேர வண்டிவேலை பெரியவருக்குப் பொழுதுபோக்கு. ஆயினும் அதில் பொழுதைப் போக்கும் அலட்சியம் இராது. தரையில் பழைய வேட்டியொன்றை விரிப்பார். கழற்றும் ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். டாப்பெட்டைச் சரிசெய்யும்போது அளவுக்கருவியை நாடுவதில்லை. எந்திரம் குளிர்ந்திருக்கையில், உந்துகம்பி விரலுக்கு எளிதாகச் சுழல வேண்டும். ஆனால், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதுவே அவர் அளவு. பிளாட்டினம் முனைகள் எந்த நொடியில் பிரிகின்றன என்பதை அறிய, அவற்றின் இடையே மெல்லிய தாள் ஒன்றைச் செருகி இழுத்துப் பிடிப்பார். முனைகள் பிரியும் கணத்தில் தாள் வழுக்கிக்கொண்டு வரும். தீப்பொறி பிறக்கும் நேரத்தை ஒரு தாள்துண்டு சொல்லிவிடும்.

இவ்வேளைகளில் அருகிலிருப்பவள் மகள்வழிப் பேத்தி; மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி. அவளிடம் அவர் அடிக்கடி கூறுவது ஜி.டி. நாயுடுவின் கதை. கோயம்புத்தூர்ப் பகுதியில் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்த அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். கோவை உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். முந்நூறு ரூபாய் கொடுத்து அத்தகைய வண்டியொன்றை வாங்கினார். வாங்கியதும் ஊர்வலம் போகவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப்போட்டு மீண்டும் பூட்டினார். அங்குத் தொடங்கிய அறிவுப்பயணமே 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டும் தொழிலாக விரிந்தது. பின்னர் மின்மோட்டார், சவரக்கத்தி எனப் பல கண்டுபிடிப்புகளாகக் கிளைத்தது.

"விலை கொடுத்தவனுக்கு வண்டி பாதி சொந்தம்; பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்கே முழுச் சொந்தம்" என்று கதையை முடிப்பார் பெரியவர்.

ஒரு மார்கழி விடியல்

பழைய புல்லட்டை உயிர்ப்பிக்க ஒரு முறை உண்டு. எரிபொருள் குழாயைத் திறந்து, சாவியைத் திருப்பி, உதைமிதியை மெல்ல அழுத்த வேண்டும். ஓரிடத்தில் அது கல்லாய் இறுகும். விளக்குக் கூண்டின் மேலுள்ள மின்னோட்டமானியின் முள்ளைப் பார்த்து, அழுத்தம் தளர்த்தும் சிறு நெம்புகோலைப் பிடித்து, முள் நடுவில் வந்து நிற்கும்வரை மிதியை இன்னும் சற்றே நகர்த்த வேண்டும். பிறகு நெம்புகோலை விட்டுவிட்டு, மிதியை மேலே வரவிட்டு, ஒரே நீண்ட உதை. முறை தவறினால் எந்திரம் எதிர்த்து உதைக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில் அதுதான் நிகழ்ந்தது. உதைமிதி திரும்பி வந்து கணுக்காலைத் தாக்கியது. பெரியவர் வாசலிலேயே சாய்ந்தார். எலும்பில் மெல்லிய விரிசல். ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது என்றார் மருத்துவர்.

சென்னையில் பணிபுரியும் மகன் விரைந்து வந்தார். "போதும் அப்பா, விற்றுவிடலாம். இன்னொரு முறை விழுந்தால் யார் பார்ப்பது?" என்றார். அக்கேள்வியில் சினம் இல்லை, அச்சமே இருந்தது. ஆகவே பெரியவரால் மறுமொழி கூற இயலவில்லை. செய்தி அறிந்து பழைய வண்டிகளைச் சேகரிக்கும் வெளியூர்ச் செல்வர் ஒருவரும் வந்தார். வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். நல்ல விலை சொன்னார். "கூடத்தில் மேடை கட்டி நிறுத்துவேன், தூசி படாமல் பார்த்துக்கொள்வேன்" என்று உறுதியும் அளித்தார்.

வேறொரு வழியும் பேசப்பட்டது. முதற்பதிவு பெற்று ஐம்பது ஆண்டு கடந்த, மூலவடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகத் தனியே பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. அவ்வாறு பதிவு செய்தால் சிறப்பு எண்பலகை கிடைக்கும், பெருமையும் கிடைக்கும். ஆனால், கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடப் பயணத்துக்கு வண்டியைச் சாலையில் ஓட்ட இயலாது.

ஆறு வாரம் கட்டிலில் கிடந்தபடி பெரியவர் எண்ணிக்கொண்டிருந்தார். விலைக்கு வந்தவர் தீயவர் அல்லர். மகனும் தவறாகச் சொல்லவில்லை. ஆயினும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்பது கட்டுப் பிரித்த பின்பே அவருக்கு விளங்கியது.

நின்ற வண்டி கற்பித்தது

கைத்தடி ஊன்றி வாசலுக்கு வந்தவர் வண்டியைத் தொட்டுப் பார்த்தார். மின்கலம் இறங்கியிருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி நுண்துளையை அடைத்திருந்தது. கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஆறு வாரம் நின்றதற்கே இந்நிலை. மேடையில் ஆண்டுக்கணக்கில் நின்றால் மேற்பூச்சு மின்னும். உள்ளே ஓட்டம் உறைந்துவிடும்.

விபத்தின் காரணத்தையும் அன்று கண்டறிந்தார். வேகத்திற்கேற்பத் தீப்பொறியை முந்தச் செய்யும் அமைப்பில் ஒரு சுருள்வில் தளர்ந்திருந்தது. அதனால் மெதுவாக உதைக்கும்போதும் பொறி முன்கூட்டியே பிறந்து எந்திரத்தைப் பின்னோக்கித் தள்ளியிருக்கிறது. தளர்ச்சி அவருக்கு முன்பே தெரியும். மக்காச்சோள அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார். "குற்றம் வண்டியுடையது அன்று, என்னுடையது" என்று மகனிடம் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். எழுபதை நெருங்கும் கால் இனி அந்த உதைக்கு ஏற்றதன்று என்பதையும் ஒப்புக்கொண்டார். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்ந்தது.

அன்று மாலை பேத்தி கேட்டாள்: "தாத்தா, நான் உதைத்தால் கிளம்புமா?"

"பலம் வேண்டாம் அம்மா. முள் நடுவில் நிற்கும் நேரம் தெரிந்தால் போதும்."

புதிய சுருள்வில் பொருத்தப்பட்டது. முதல் மூன்று நாள் எந்திரம் இணங்கவில்லை. நான்காம் நாள் அவள் முள்ளைப் பார்த்தாள், நெம்புகோலை விட்டாள், ஒரே உதை. வேப்பமரத்துக் காகங்கள் கலைந்து பறந்தன. அவள் சாலையில் ஓட்டவில்லை. பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெறும்வரை அதற்கு இடமில்லை என்பதில் பெரியவர் கண்டிப்பானவர். ஆனால், கோட்டைச் சுவரை நோக்கி அந்தத் தாளம் சென்றதை ஊர் கேட்டது.

எஞ்சுவது எது?

ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றைச் சமைத்த கைகளின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. பழங்கட்டடங்களைச் செப்பனிடுவோர் சிமெண்டைத் தவிர்த்து மீண்டும் சுண்ணாம்புக் காரையை நாடுகின்றனர். அதைப் பதமாக அரைக்கவும் பூசவும் அறிந்தோரைத் தேடவேண்டியிருக்கிறது. கல் தானே நிற்கும்; பக்குவம் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சென்றால்தான் நிற்கும்.

பெரியவர் தொன்மைப் பதிவை நாடவில்லை. வண்டியை விற்கவும் இல்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி ஆய்வு முடித்து, வழக்கம்போல் ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டார். அவருடைய ஓட்டுநர் உரிமமும் மருத்துவச் சான்றின்பேரில் ஐந்தாண்டுக்கே புதுப்பிக்கப்பட்டது. இரண்டு சான்றுகளையும் ஒரே உறையில் இட்டு வைத்திருக்கிறார். "ஐந்தாண்டு கழித்து இருவரையும் சோதிக்கட்டும்" என்று சிரிக்கிறார்.

மகனுக்குக் கொடுத்த வாக்குப்படி தலைக்கவசம் இன்றியும், பொழுது சாய்ந்த பின்னும் அவர் வண்டி எடுப்பதில்லை, நெடுஞ்சாலைக்கும் செல்வதில்லை. வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே பயணம். விடியலில் பேத்தி உதைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புகிறாள். வயலிலிருந்து திரும்பும்போது வரப்புச் சரிவில் வண்டியை உருட்டிக் கிளப்பிக்கொள்ளும் உபாயம் அவருக்குத் தெரியும்.

மாலையில் இப்போது வேட்டி விரிப்பின் அருகே ஒரு நோட்டுப்புத்தகமும் இருக்கிறது. இதுவரை விரல்களில் மட்டும் இருந்தவற்றைப் பெரியவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அதன் முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருப்பது வண்டியின் பெருமை அன்று, பெரியவர் வற்புறுத்தி எழுதச் சொன்ன அவருடைய பிழை: "தளர்ந்த சுருள்வில்லை அறுவடைக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதே."