வயதை எண்ணும் இருட்டறை

மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. இன்று அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. கண்ணில் முதுமை எங்கே தொடங்குகிறது என்று செல் செல்லாகத் தேடுகிறவர்களைப் பார்க்கத்தான் அங்கே போனேன்.

கண்ணின் முன்பகுதியில் ஒரு நீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. கருவிழியின் ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு திசு. சுரக்கும் நீரில் பெரும்பங்கு அதன் வழியாகத்தான் வடிய வேண்டும். பெயர் டிராபெகுலார் மெஷ்வொர்க். ஆய்வகத்தில் எல்லாருக்கும் அது வெறும் 'டிஎம்'. வயதாக ஆக அதிலுள்ள செல்கள் குறைகின்றன. வடிகால் மந்தமானால் கண்ணில் அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சாகும். அதுதான் கிளாக்கோமா. போன பார்வை திரும்பாது.

இழந்த செல்லுக்கு ஈடு கொடுக்க அந்தத் திசுவிலேயே ஸ்டெம் செல்கள் கொஞ்சம் உண்டு. ஏபிசிஜி2, பி75 என்ற இரண்டு புரதங்களும் சேர்ந்திருப்பதை வைத்து அவற்றை அடையாளம் கண்டு, வயதோடு அவையும் குறைகின்றன என்று மதுரைக் குழு 2019இல் எழுதியது. கிளாக்கோமா வந்த கண்களில் குறைவு இன்னும் அதிகம் என்று 2021இல் காட்டியது.

இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தானமாக வந்த கண்ணை நுண்ணோக்கியின் கீழ் பிளந்து, திசுவை முடியைவிட மெல்லிய சீவல்களாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுகிறார்கள். பிறகு ஒளிரும் சாயம். இருட்டறைத் திரையில் செல்களின் கருக்கள் நீலப் புள்ளிகளாகத் தெரிந்தன. அவற்றில் சிலவற்றைச் சுற்றி மட்டும் பச்சையும் சிவப்பும். "ரெண்டு நிறமும் ஒரே செல்லுல இருந்தாத்தான் சார் கணக்கு. ஒண்ணு இல்லேன்னாலும் விட்டுருவோம்" என்றார் திரையின் முன் இருந்த ஓர் இளம் ஆய்வாளர். ஒரு கண்ணுக்குப் பல சீவல்கள். ஒவ்வொன்றிலும் இதே எண்ணிக்கை.

கண்கள் வருவது கண் வங்கியிலிருந்து. கருவிழி மாற்றத்துக்குப் போக மிஞ்சுவதும், பொருத்தத் தகுதியில்லாததும் குடும்பத்தின் சம்மதத்தோடு ஆய்வுக்கு வருகின்றன. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். துக்க வீட்டுக்குப் போனில் சொல்லும் வார்த்தைகளைக் கண் வங்கி ஊழியர் ஒருவர் எனக்கும் சொல்லிக் காட்டினார்: "ஃபேனை நிறுத்திருங்கய்யா. கண்ணை மூடி, மேல ஈரப் பஞ்சு வைங்க. தலைக்குத் தலையணை வைங்க. நாங்க கிளம்பிட்டோம்." எடுத்த பிறகு முகம் கோரமாகிவிடுமோ என்று கேட்காத வீடு இல்லையாம். ஆகாது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாகச் சொல்கிறார்கள். இந்தப் பொறுமைக்கும் ஆராய்ச்சியில் பங்குண்டு என்றே சொல்வேன்.

முதுமையை அறிய முதியவர் கண் மட்டும் போதாது. ஒப்பிட இளங்கண்ணும் வேண்டும். முப்பது வயதுக்குள் இறந்தவரின் கண் எப்படி வரும்? நாற்கர சாலை விபத்து, இன்னும் அதுபோல் நடந்திருக்கவே கூடாத சாவுகள். அந்த வீட்டில், அந்த நேரத்தில், யாரோ ஒருவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு 'எடுத்துக்குங்க' என்று சொல்லியிருக்கிறார். திரையில் நீலப் புள்ளிகள் நெருக்கமாக நிறைந்திருந்த படத்தைக் காட்டி "இது சின்ன வயசு சார்" என்று அந்த இளம் ஆய்வாளர் சொன்னபோது என்னால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்தது அரவிந்த் நடத்திய பெரிய கணக்கெடுப்பு. 2003இல் வெளியான அதன் முடிவில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா. அதில் பரவலான திறந்த கோண வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், தமக்கு அந்த நோய் இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறார்கள். அப்படியானால் 'அப்பாவுக்குக் கண்ணு கடைசிவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு' என்று வீட்டார் சொல்வதை மட்டும் நம்பி ஒரு கண்ணை ஆரோக்கியக் கணக்கில் சேர்க்க முடியாது. பார்வை நரம்பையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நோய் உறுதியான கண்களோ அரிதாகத்தான் கிடைக்கின்றன. கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போடுகிறவர்கள், கெட்டுப்போன கண் யாருக்கு உதவும் என்று தாமே ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த ஆய்வுக்கு அந்தக் கண்தான் வேண்டும். சிகிச்சையில் இருப்பவர்கள் கண் தானத்துக்கு எழுதிவைப்பதோடு, கண் வங்கிக்குத் தகவல் சொல்லும்போது நோய் விவரத்தையும் சேர்த்துச் சொல்லும்படி இப்போதே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.