வாள் துறந்த சதுரானன பண்டிதர்

தோல் பதனிடுந் தொழிலாற் பெயர்பெற்ற இராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணத்துக்கு அணித்தாகத் தக்கோலம் என்னும் ஊர் உளது. ஆளுடைய பிள்ளையார் பதிகம் பெற்ற திருவூறல் இதுவே. சலநாதேசுவரர் எழுந்தருளியிருக்கும் இப்பதி, சரித்திரம் பயில்வார்க்குப் பிறிதொரு காரணத்தானும் நினைவுக்கு வருவது. 949-ஆம் ஆண்டளவில், முதற் பராந்தக சோழரின் மைந்தர் இராசாதித்தர், இராட்டிரகூட வேந்தனாகிய கன்னரதேவன் என்னும் மூன்றாங் கிருட்டிணனோடு பொருது, அவன் துணைவனான கங்க மன்னன் பூதுகனால் யானைமீதே உயிர் துறந்தது இவ்வூர்க் களத்திலேதான்.

களத்தில் மாண்ட இளவரசரை உலகம் அறியும். மாளாது எஞ்சிய ஒருவரை நினைப்பார் சிலரே. அவர் வெள்ளன் குமரன் என்பார். மலைநாட்டு நந்திக்கரைப் புத்தூரினர். இராசாதித்தருக்குப் பெரும்படை நாயகர். வடதிசைப் பகையை எதிர்நோக்கி, இராசாதித்தர் நம்பியாரூரர் அவதரித்த திருநாவலூரை உள்ளிட்ட திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்த காலத்து இவரும் உடனிருந்தார். அந்நாளிலேயே பெண்ணையாற்றங்கரையில், இன்று கிராமம் என வழங்கும் திருமுடியூரில், ஆற்றுத்தளி மகாதேவருக்குக் கற்றளி எடுப்பித்தார். பராந்தகரின் 36-ஆம் ஆட்சியாண்டாகிய 943-இல் பொறித்த சாசனம் இதனைக் கூறும்.

தக்கோலப் போரில் தலைவர் வீழ்ந்தபோது அருகிருந்து உடன் மாயும் பேறு இவருக்கு வாய்க்கவில்லை. அக்காலத்துப் படைவீரனுக்கு இது பெரும்பழி. தம் உயிரையே சுமையாகக் கருதிய அவர், நாடு துறந்து கங்கையிற் சென்று நீராடினார். பின்னர்க் கடலோரத்துத் திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குரு என்பாரிடம் மாவிரத தீக்கை பெற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயர் பூண்டார். இச்செய்திகளை ஒற்றியூர் வடமொழிச் சாசனம் உரைக்கின்றது. அச்சாசனம் கூறும் துறவியும் கற்றளி எடுத்த படைநாயகரும் ஒருவரே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

இத்துறவு மயான வைராக்கியம் போன்றதோ என்று ஐயுறுவார் உளராகலாம். சுடலையினின்று மீண்டவன் வீட்டு வாயிலைக் கடந்ததும் மறந்துபோகும் நிலையாமை உணர்வு அது. துயரத்தாற் பிறந்த துறவு, துயரம் ஆறியதும் ஆறிவிடும் அன்றோ? இவர்பால் அங்ஙனம் நிகழவில்லை. போருக்கு ஆறாண்டு முன்னரே, தோல்வியின் நிழலும் படாத நாளில், ஆற்றங்கரையிற் சிவாலயம் எடுத்த உள்ளம் அவருடையது. துயரம் அவ்வுள்ளத்தில் அன்பைப் புதிதாக விதைக்கவில்லை. முன்பே ஊன்றிய வித்துக்கு நீராயிற்று.

போருக்குப் பத்தாண்டு கழித்து, 959-ஆம் ஆண்டளவில், தம் பிறந்த நாண்மீனில் ஒற்றியூர்ப் பெருமானுக்குச் சிறப்பு வழிபாடு நிகழும்பொருட்டு அவர் பொன் வழங்கினார். அக்கொடையைக் கூறும் சாசனம் எவருடைய ஆட்சியாண்டைக் குறிக்கின்றது? கன்னரதேவனுடைய 20-ஆம் ஆண்டை! தம் தலைவரைக் கொன்ற பகைவேந்தன் பெயரைத் தலையில் தாங்கிய கல்லிலே தம் கதையையும் சிவதருமத்தையும் பொறிக்க உடன்பட்டார். தொண்டைநாடு அவ்வேந்தன் ஆணையின்கீழ் இருந்தமையால் அது நாட்டு வழக்கே எனலாம். ஆயினும், பழிதீர்க்கும் எண்ணம் உள்ளத்தில் எஞ்சியிருப்பின், அக்கல்லைக் காணுந்தோறும் நெஞ்சு எரியும் அன்றோ? எரிந்தவர் அங்கே நிலைத்திரார்.

திருத்தொண்டர் வரலாற்றிற் பரஞ்சோதியார் வாதாபியை வென்று மீண்டு, அரசன் விடைகொடுக்கத் திருச்செங்காட்டங்குடியில் அடியாரை அமுதூட்டும் சிறுத்தொண்டர் ஆயினார். அவர் வெற்றியினின்று வாளை வைத்தவர். இவர் தோல்வியினின்று வைத்தவர். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நோக்கும் நிலையையே சித்தாந்தம் இருவினையொப்பு என்னும். வாகையும் பழியும் ஒரு நிறையாயின விடத்தே திருவருள் பதியும். இவர் மேற்கொண்ட மாவிரதம் அகப்புறச் சமயங்களுள் ஒன்றாக எண்ணப்படுவதே. எனினும் அந்நெறியில் நின்றாரையும் படிப்படியே உயர்த்துவது சிவத்தின் கருணை என்பதைச் சித்தாந்திகள் மறுத்திலர்.

சதுரானன பண்டிதர் என்னும் பெயர் அவருக்குப் பின் அம்மடத்துத் தலைவர்க்கு வழிவழி வழங்கிற்று. அப்பெயர் தாங்கிய ஒருவர் விருப்பத்தால், முதல் இராசேந்திர சோழர் காலத்தில் ஒற்றியூர்த் திருவிமானம் கருங்கல்லால் எடுக்கப்பெற்றது. வாள் செய்யாததைத் தொண்டு செய்தது.

வேலூர், இராணிப்பேட்டைப் பக்கங்களிற் படைத்தொழில் புரிந்து மீண்டவர் இன்றும் பலர். உடன் நின்றார் மாய்ந்திருக்கத் தாம் மட்டும் மீண்டதேன் என்னும் வினா அவருட் சிலரை இரவில் உறங்கவிடாது. அவ்வினாவுக்குச் சதுரானனர் சொல்லால் விடை கூறவில்லை. எஞ்சிய ஆயுளைச் சிவனுக்கு உரியதாக்கிக் காட்டினார். திருவூறல் தொழச் செல்வார், அக்களத்தில் வீழ்ந்த இளவரசரோடு, அங்கே வீழாது எஞ்சிய இப்பெரியாரையும் சிந்தித்தல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.