பத்து ஆம்பூலை யார் உடைப்பது?

மெக்னீசியம் சல்பேட் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் இரண்டு மில்லி கண்ணாடி ஆம்பூல்களில்தான் இருக்கும். ஓர் ஆம்பூலில் ஒரு கிராம். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு கண்டுவிட்டால், மேல் சிகிச்சைக்கு அனுப்பும் முன்பே இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் ஆழமாகத் தசையில் போட்டாக வேண்டும். ஆக, பத்து ஆம்பூல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஸ்டாஃப் நர்ஸுகள் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மாடியில் நடந்த அவசர சிகிச்சைப் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். சுற்றியுள்ள மலையடிவாரக் கிராமங்களின் மருத்துவர்களும் செவிலியர்களும் வந்திருந்தார்கள். கட்டிலில் ஒரு செவிலியரே நோயாளியாகப் படுத்து, வலிப்பு வந்தவர்போல உதறினார். நான்கு பேர் கொண்ட குழு ஓடி வந்தது. ஒருவர் ஆம்பூலை எடுத்துக் கழுத்தைத் தட்டி, பஞ்சு வைத்து உடைத்து, ஊசியில் உறிஞ்சி, அடுத்ததை எடுத்தார். மூன்றாவது ஆம்பூல் விரலைக் கீறியது. மற்ற மூவரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நோயாளி மல்லாந்து கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

“யாரும் தப்பு பண்ணல. ஆனா யார் எதைப் பாக்கணும்னு ஒருத்தரும் சொல்லல” என்றார் பயிற்சி கொடுத்த மகப்பேறு மருத்துவர்.

உடனே மறுபடி செய்யச் சொன்னார். இந்த முறை ஒருவர் நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொருத்தினார். இருவர் ஆம்பூல்களை உடைத்து வரிசையாக நீட்ட, மருத்துவர் இரண்டு சிரிஞ்சில் ஏற்றினார். ஆக்சிஜன் வைத்தவரே 108-ஐயும் அழைத்து, ஊசி போட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதினார். பாதி நேரத்தில் வேலை முடிந்தது. முன்பு தெரிந்ததைவிடப் புதிதாக ஒரு வரிகூட அவர்கள் இடையில் படிக்கவில்லை.

அடுத்த மேசையில் பச்சைக் குழந்தை. நியோநாட்டலி என்ற பொம்மை. உள்ளே தண்ணீர் நிரப்பினால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ கனக்கும். தூக்கும்போது தலை பின்னால் சாயும். பயிற்சியாளர் ஒரு ரப்பர் குமிழை அமுக்கினால் தொப்புள்கொடி துடிக்கும், இன்னொன்றை அமுக்கினால் நெஞ்சு மூச்சு வாங்கும். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 85 தாமாகவே அழுதுவிடும். பத்துக்குத் துணியால் துடைத்து முதுகைத் தேய்த்தால் போதும். மீதி ஐந்துக்குத்தான் பை பிடித்துக் காற்று தள்ள வேண்டும், அதையும் முதல் ஒரு நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். இதைப் பொன் நிமிடம் என்பார்கள். இந்திய அரசு இதற்கென்றே 2009-இல் நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற பயிற்சியைக் கொண்டுவந்தது.

பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத செவிலியர் ஒருவர் ஆம்பு பையை எடுத்து அமுக்கினார். நெஞ்சு எழும்பவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். புஸ்ஸென்று காற்று ஓரத்தில் வெளியேறியது. பதற்றத்தில் பொம்மையின் கழுத்தை இன்னும் பின்னுக்கு வளைத்தார். பயிற்சியாளர் அவர் கைமேல் தன் கையை வைத்து நிறுத்தினார்.

“பையை விடும்மா. மொதல்ல மாஸ்க்கைப் பாரு. கண்ணு மேல ஏறி உக்காந்திருக்கு.”

மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடி, தாடை நுனியோடு நிற்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் மேல் ‘சி’ போல வளைந்து நிற்க, மற்ற மூன்று விரலும் தாடை எலும்பைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். அந்த விரல்கள் எலும்பை விட்டுத் தாடைக்கடியில் உள்ள மெத்தென்ற சதையில் அழுந்தினால், நாக்கு மேலே தள்ளப்பட்டுக் காற்று வழியை அடைத்துவிடும். தோளுக்கடியில் மடித்த துணி வைத்தார்கள். கழுத்து நேரானது. “அமுக்கு, ரெண்டு, மூணு” என்று எண்ணச் சொன்னார். அந்தத் தாளத்தில் போனால் நிமிடத்துக்கு நாற்பதிலிருந்து அறுபது மூச்சு வந்துவிடும். நெஞ்சு மெல்ல எழும்பியது.

“இப்பதான் மேடம் கைக்குத் தெரியுது” என்றார் அந்தப் பெண். எலும்பில் விரல் நிற்கிறதா, சதையில் அழுந்துகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. பாடப் புத்தகத்தில் உள்ள படத்தை ஆயிரம் முறை பார்த்தாலும் அந்த வித்தியாசம் பிடிபடாது.

ரத்தப்போக்கு மேசையில் சிவப்புச் சாயத் தண்ணீரை ஊற்றி நனைத்த துணிகளும் பேடுகளும் கிடந்தன. எவ்வளவு ரத்தம் என்று ஒவ்வொருவரையும் சீட்டில் எழுதச் சொன்னார்கள். அநேகமாக எல்லாருமே குறைத்துத்தான் எழுதியிருந்தார்கள், இருபது வருட அனுபவம் உள்ளவர்களும்கூட. பிரசவத்துக்குப் பின் 500 மில்லியைத் தாண்டினாலே ஆபத்து. கண்மதிப்பை நம்பினால் அந்த எல்லை நமக்குத் தெரியாமலே கடந்துபோகும். கென்யா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடத்தி 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்தார்கள். எல்லை தாண்டியதும் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பில் திரவம், கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என்று எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கினார்கள். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறக்க நேர்வது, ரத்தப்போக்கால் சாவது ஆகிய மூன்றும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

இங்கே நான் கண்ட இன்னொன்றும் முக்கியம். இளம் மருத்துவர் ஒருவர் நரம்பு கிடைக்காமல் ஊசியோடு போராடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர் சற்றுத் தயங்கிவிட்டு, “சார், லைன் நான் பாத்துக்கறேன். நீங்க கர்ப்பப்பையைப் பிடிங்க” என்றார். மருத்துவர் உடனே இடம் மாறினார். பயிற்சியாளர் அதே இடத்தில் எல்லாரையும் நிறுத்தி, அந்த ஒரு வாக்கியத்துக்காகச் செவிலியரைப் பாராட்டினார். பொதுவாக “சிஸ்டர், ஊசி போடுங்க” என்றால் மூன்று சிஸ்டர்களும் திரும்புவார்கள், யாரும் நகர மாட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் பழக்கினார். நம் மருத்துவமனைகளில் செவிலியர் மருத்துவரிடம் இப்படிப் பேசுவதற்கு இடமில்லாமல் போன உயிர்கள் பல இருக்கும் என்றே நினைக்கிறேன். மருத்துவர்களுக்குத் தனியாக, செவிலியர்களுக்குத் தனியாக என்று பயிற்சி நடத்துவது இதனாலேயே வீண்.

பாம்புக்கடி வகுப்பு சுருக்கமாகவே நடந்தது. விஷமுறிவு மருந்துப் பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும். குப்பியை உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துக் குப்பி. அதற்கும் ஆம்பூலைப் போலவே ஆள் பிரிக்க வேண்டும்.

கிராமப்புற மருத்துவர்களின் தேவையிலிருந்து இப்படிப்பட்ட ஒரு பயிற்சி முன்பே பிறந்திருக்கிறது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வயலில் விழுந்தது. மனைவி இறந்தார். காயம்பட்ட பிள்ளைகளோடு சேர்ந்த சிறிய மருத்துவமனையில் பெருங்காயங்களைக் கையாளப் பழகியவர்கள் இல்லை. அந்த அனுபவத்திலிருந்து அவரும் சக மருத்துவர்களும் 1978-இல் கிராமப்புற மருத்துவர்களுக்காகத் தொடங்கியதுதான் இன்று உலகமெங்கும் நடக்கும் ஏடிஎல்எஸ் என்ற விபத்துச் சிகிச்சைப் பயிற்சி.

ஆனால் ஒருமுறை பயிற்சி கொடுத்துச் சான்றிதழை மாட்டிவிட்டால் போதுமா? தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனையில் பச்சைக் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் ஒரே நாள் பயிற்சிக்குப் பின் எல்லாரும் பொம்மையிடம் நன்றாகச் செய்தார்கள். பிரசவ அறையில் மாற்றம் வரவில்லை. பிறகு பிரசவ அறையிலேயே பொம்மையை வைத்து, வாரந்தோறும் மூன்று முதல் ஐந்து நிமிடம் செய்து பழகினார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் சாவு ஆயிரத்துக்கு 11.1-லிருந்து 7.2 ஆகக் குறைந்தது.

அன்று வந்திருந்த செவிலியர்களில் சிலர் இரவுப் பணி முடித்து நேரே பேருந்து ஏறியவர்கள். பயிற்சி முடிந்து போனதும் மறுபடி பொம்மையைத் தொட எப்போது வாய்ப்பு வரும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சுகாதாரத் துறை செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. பிரசவம் நடக்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பொம்மையையும் பழகுவதற்கென்றே ஓர் ஆம்பு பையையும் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஷிஃப்ட் மாறும் வேளையில் மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து பழகும் நேரத்தைப் பணி நேரமாகவே கணக்கிட்டு ஆணையிட வேண்டும். வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பினால் அந்த நாளுக்கு மாற்று ஆள் தர வேண்டும். ஆணை வரும்வரை மருத்துவ அலுவலர்கள் காத்திருக்கவும் வேண்டாம். காலாவதியான ஆம்பூல்கள் பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, யார் உடைப்பது, யார் நோயாளியைத் திருப்புவது என்று இந்த வாரமே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.