கடனே இல்லை... அதுதான் குற்றம்!

உங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி உங்களை நம்பி எவ்வளவு ரூபாய் வரைக்கும் கடன் கொடுப்பார்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் உங்களிடம் சம்பளச் சீட்டு கேட்டதில்லை. பான் கார்டு ஜெராக்ஸ் வாங்கியதில்லை. ஆனால், அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. போன மாசம் 5-ம் தேதி கொடுத்தீர்களா, 12-ம் தேதி வரை இழுத்தீர்களா, ‘அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன் அண்ணாச்சி’ என்று தலையைச் சொறிந்தீர்களா... எல்லாமே அதில் இருக்கிறது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கோடீஸ்வரராகவே இருக்கட்டும். முதல் நாளே கடன் கேட்டால், ‘இன்னிக்கு காசு கொடுத்துடுங்க சார்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

பேங்க்காரர்களும் அண்ணாச்சிகள்தான். என்ன, நோட்டு கொஞ்சம் பெரிசு!

எங்கள் வீட்டு மாடியில் ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அந்தப் பெண் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 2023-ம் வருஷம் அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 58,000 ரூபாய். வாடகை, சீட்டு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக கையில் கொஞ்சம் நிற்கும். கடன் என்று ஒரு பைசா கிடையாது.

அந்த வருஷம் ஒருநாள் ராத்திரி, பெண்ணின் அம்மாவுக்கு நெஞ்சுவலி. அட்மிட் பண்ண 25,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள். அங்கே இங்கே புரட்டி ராத்திரியே கட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. நல்லவேளை, அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால், ‘ஒரு க்ரெடிட் கார்டு இருந்திருந்தா...’ என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

விண்ணப்பித்தார்கள். பத்தே நாளில் பதில்: ‘வருந்துகிறோம்.’

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. அதே மாதத்தில் இன்னும் மூன்று பேங்க்குகளில் விண்ணப்பம் போட்டார். மூன்றிலும் ‘வருந்துகிறோம்’.

‘அண்ணா, நாங்க யாருக்கும் பத்து பைசா பாக்கி வச்சதில்லை. ஊரெல்லாம் கடன் வாங்கி ஏமாத்துறவனுக்கு கார்டு இருக்கு. எங்களுக்கு ஏண்ணா இல்லைங்கிறாங்க?’ என்று அந்தப் பெண் கேட்டாள். குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது.

நியாயமான கேள்விதானே? ‘கடனில்லாக் கஞ்சி கால் வயிறு’ என்று சொல்லி வளர்த்த ஊர் இது. கடனே இல்லாமல் இருப்பது நமக்கெல்லாம் கௌரவம். ஆனால், பேங்க்கின் பார்வையில் கடனே வாங்காதவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. தெருவுக்குப் புதிதாக வந்தவர். அவ்வளவுதான்!

பேங்க்குகளின் அந்த நீள நோட்டுக்குப் பெயர் சிபில். 2000-ல் ஆரம்பித்த கம்பெனி. 2004-லிருந்து உங்களையும் என்னையும் போன்ற தனிநபர்களின் கடன் கணக்குகளைத் திரட்டுகிறது. 2005-ல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. பிறகு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று கம்பெனிகள் வந்தன. நம் வழக்கில் எல்லாமே ‘சிபில்’தான். டால்டா மாதிரி!

இதில் மார்க் 300-ல் ஆரம்பித்து 900 வரை போகும். 750-க்கு மேல் என்றால் பேங்க் மேனேஜர் உட்காரச் சொல்வார். கடன் வரலாறே இல்லாதவருக்கு? பூஜ்யம்கூடக் கிடையாது. மைனஸ் ஒன்று! மாடி வீட்டுத் தம்பதி ஆளுக்கொரு மைனஸ் ஒன்றோடுதான் இருந்தார்கள்.

நீங்கள் ஒழுங்காகக் கட்டிய வீட்டு வாடகை, ஏலச்சீட்டுப் பணம், அடகுக்கடை வட்டி, அண்ணாச்சி பாக்கி... இதெல்லாம் சாதாரணமாக அந்த நோட்டில் ஏறுவதில்லை. பேங்க்கிலோ பதிவுபெற்ற நிதி நிறுவனத்திலோ வாங்கிய கடன்தான் ஏறும். அதே வளையல்களை பேங்க்கில் வைத்து நகைக்கடன் வாங்கி மீட்டிருந்தால் நோட்டில் ஒரு வரி விழுந்திருக்கும்.

இன்னொன்று, நீங்கள் ஒவ்வொரு முறை கடனுக்கோ கார்டுக்கோ விண்ணப்பிக்கும்போதும், ‘இன்னார் கேட்டார், இன்ன பேங்க் விசாரித்தது’ என்று பதிவாகும். ஒரே மாதத்தில் நான்கு விசாரிப்பு என்றால், ‘இந்த ஆளுக்கு ஏதோ பணமுடை போலிருக்கே’ என்று ஐந்தாவது பேங்க் நினைக்கும். ரோஷத்தில் மாப்பிள்ளை செய்தது அதுதான். உங்கள் கணக்கை நீங்களே எடுத்துப் பார்த்தால் மார்க் குறையாது. பயப்பட வேண்டாம்.

கார்டு மறுக்கப்பட்டால் சும்மா திரும்பி வராதீர்கள். எந்தக் காரணத்துக்காக மறுத்தோம் என்பதை பேங்க் எழுத்துமூலம் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளில் இது சொல்லப்பட்டது. காரணம் தெரிந்தால்தானே வைத்தியம் பார்க்க முடியும்?

சரி, கடன் வாங்கினால்தான் வரலாறு வரும். வரலாறு இருந்தால்தான் கடன் தருவார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். எந்தப் பக்கம் நுழைவது?

ஒரு வாசல் இருக்கிறது. பேங்க்கில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதையே ஈடாகக் காட்டிக் கார்டு கேட்கலாம். டெபாசிட்டில் முக்கால் பங்கிலிருந்து 90 சதவிகிதம் வரை கார்டில் வரம்பு கொடுப்பார்கள். பணம் அவர்கள் கையில் இருக்கிறது. அப்புறம் என்ன பயம்? டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். மாடி வீட்டுக்காரர்களுக்குச் சீட்டுப் பணம் வந்திருந்தது. அதில் 30,000 ரூபாயை டெபாசிட் போடுவது என்று முடிவாயிற்று.

யார் பெயரில்? அங்கேதான் சிக்கல்.

‘என் பேர்ல வாங்கிடறேன் சார். அவளுக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுத்துடலாம்’ என்றார் மாப்பிள்ளை. நல்ல மனசோடுதான் சொன்னார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘அடகுக்குப் போனது என் வளையல். பேர் மட்டும் உங்களுக்கா?’ என்றாள்.

மாப்பிள்ளை ஙே என்று விழித்தார். நானும்தான்!

அவள் கேட்டதில் பெரிய விஷயம் இருக்கிறது. கணவன் - மனைவி என்று சேர்த்து சிபிலில் ஒரே கணக்கு கிடையாது. ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனி நோட்டு. ஆட்-ஆன் கார்டைத் தேய்ப்பது மனைவியாக இருக்கலாம். ஆனால், பில்லுக்குப் பொறுப்பு கணவர்தான். நம் வீடுகளில் பெண்கள் சம்பாதிப்பார்கள், சீட்டுக் கட்டுவார்கள், கடனை அடைக்க நகையைக் கழற்றிக் கொடுப்பார்கள். கடன் மட்டும் அவர் பெயரில் இருக்கும். நாளைக்கே அவர் இல்லாமல் போனால், இருபது வருஷம் குடும்பத்தைக் கட்டி ஆண்ட பெண்மணி பேங்க் வாசலில் மைனஸ் ஒன்றாக நிற்பார். நான் பார்த்திருக்கிறேன். கண்ணில் ரத்தம் வரும்.

டெபாசிட் மனைவி பெயரில் போடப்பட்டது. 24,000 ரூபாய் வரம்பில் கார்டு வந்தது. மாப்பிள்ளை தன் பெயரில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார். மாதம் 1,900 ரூபாய், பத்துத் தவணை. வாங்குவதாக இருந்த பொருள்தான், தவணைக்காக வாங்கியதில்லை. இந்த வித்தியாசம் முக்கியம்.

கார்டை எப்படிப் பயன்படுத்தினார்கள்? பெட்ரோல், மளிகை, மருந்து. வரம்பில் 30 சதவிகிதத்துக்குள் செலவு செய்தால் நல்லது என்பார்கள். 24,000-க்கு அது 7,200 ரூபாய். இவர்கள் 6,000-ஐத் தாண்டவில்லை. மாதாமாதம் முழுத் தொகையும் அக்கவுன்ட்டிலிருந்து தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ‘முழுத் தொகை’ என்ற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பில்லில் ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது’ என்று ஒரு சின்னத் தொகை சிரிக்கும். அதை நம்பாதீர்கள். 20,000 ரூபாய் பாக்கியில் 1,000 மட்டும் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மாதம் மூன்றரை சதவிகித வட்டி என்றால் 700 ரூபாய். அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 126 ரூபாய். ஆக, நீங்கள் கட்டிய ஆயிரத்தில் கடன் குறைந்தது வெறும் 174 ரூபாய்! இது போதாதென்று, பழைய பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. நான் படித்த பி.காமில் கந்துவட்டி என்று தனிப் பாடம் கிடையாது. இருந்திருந்தால் இதை அதில் சேர்த்திருப்பார்கள்.

ஒரு மாதம் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் தள்ளிப்போனது. அக்கவுன்ட்டில் பணமில்லாமல் தவணைத் தேதியில் கழியவில்லை. பதறிப்போய் ஓடிவந்தாள். கெடு முடிந்து மூன்று நாளைத் தாண்டினால்தான் கார்டு பாக்கியைத் தாமதம் என்று சிபிலுக்குச் சொல்லலாம் என்பது விதி. இரண்டாம் நாளே கட்டினாள். பழுதில்லை.

ஆறேழு மாதத்தில் மைனஸ் ஒன்று போய் மூன்று இலக்க மார்க் வந்தது. அவளுக்கு 738. மாப்பிள்ளைக்கு 702. அந்த நான்கு விசாரிப்புகள் அவர் கணக்கில் பல்லிளித்துக்கொண்டு இருந்தன. ஒரு வாரம் மாடியில் ஒரே கேலி!

2024-ல் மறுபடி அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. இந்த முறை பித்தப்பை ஆபரேஷன். முன்பணத்துக்குக் கார்டில் இருந்த 24,000-மும் போயிற்று. கெடு தேதிக்கு முன் சீட்டை எடுத்து முழுசாகக் கட்டினாள். ஒரு ரூபாய் வட்டி இல்லை. வரம்பு முழுக்கத் தேய்த்ததால் மார்க் கொஞ்சம் சரிந்தது. அடைத்த பிறகு ஏறிவிட்டது. ‘கார்டு காப்பாற்றியது’ என்று எழுத எனக்கு மனமில்லை. காப்பாற்றியது சீட்டுப் பணம். கார்டு கொடுத்தது சில வார அவகாசம். அந்த அவகாசத்தைப் பணம் என்று நினைத்தவர்கள்தான் மூழ்கிப்போனார்கள். வளையல்கள் இந்த முறை கையிலேயே இருந்தன.

மார்க் எதற்கு என்று கேட்கிறீர்களா? வீட்டுக்கடனில் தெரியும். 30 லட்ச ரூபாய், 20 வருஷம். எட்டரை சதவிகிதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். ஒன்பது சதவிகிதம் என்றால் 26,992. அரை சதவிகிதம்தானே என்று தோன்றும். 240 மாதத்துக்குப் பெருக்கினால் சுமார் 2.30 லட்சம்! மார்க்கைப் பார்த்து வட்டியை ஏற்றி இறக்கும் பேங்க்குகள் நிறைய உண்டு.

முதல் முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதாக 2025-ல் நாடாளுமன்றத்தில் அரசு விளக்கம் கொடுத்தது. நல்ல விஷயம். ஆனால், கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு பேங்க்கிடம்தான். அதனால் நம் நோட்டை நாம்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும்.

2017 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா, அடைத்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறதா, ‘செட்டில்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘செட்டில்டு’ என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. பேரம் பேசிக் குறைத்துக் கட்டினார் என்று அர்த்தம். தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி இது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அறிக்கையை எடுக்கும்போது உங்கள் மனைவியின் அறிக்கையையும் எடுங்கள். வேலைக்குப் போகும் மகள் இருந்தால் அவளுடையதையும் எடுக்கச் சொல்லுங்கள். மைனஸ் ஒன்று என்று வந்தால் அவர் கடனில்லாதவர் என்று பெருமைப்பட்டு மூடி வைத்துவிடாதீர்கள். அவர் பெயரில் ஒரு சின்ன டெபாசிட்டைப் போட்டு, முதல் வரியை எழுத ஆரம்பியுங்கள்.